வேலூரில் சாப்பாட்டு வண்டி போட நூறு ரூபாய் பதிவு மட்டும் போதுமா?

2022 மார்ச் 6

குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, பழைய டாடா ஏஸ் ஒன்று விலைக்கு வருகிறது. அதை ஃபுட் டிரக்காக மாற்றி வேலூர் டவுனில் பிரியாணி போடலாம் என்று இருக்கிறேன். நூறு ரூபாய் கட்டி எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு எடுத்தால் போதும், வேறு எதுவும் தேவையில்லை என்கிறார்கள். உண்மையா?"

பாதி உண்மை. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்பது மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம். நூறு ரூபாய் உண்மை, வருடத்துக்கு நூறு. "வேறு எதுவும் தேவையில்லை" என்பதை நம்பி வண்டிக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்திருந்தால் அதோடு நிறுத்துங்கள், இதைப் படித்துவிட்டு மேலே போகலாம்.

2020 ஊரடங்கில் ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் எனக்கு வேலை போனது. அம்மாவுக்குப் பிறந்த ஊர் ஆம்பூர். சீரகச்சம்பா பிரியாணியும் கத்தரிக்காய்த் தொக்கும் அவர் கைப்பக்குவம். அதை நம்பித்தான் இறங்கினேன். முதல் தட்டு விற்க ஒன்பது மாதம் ஆனது. சாப்பாட்டுக்கான பதிவு ஒரு வாரத்தில் முடிந்த வேலை. மீதி நாளெல்லாம் வண்டிக்கும், அந்த வண்டி நிற்க ஓர் இடத்துக்கும் போனது.

சாப்பாடு, வண்டி, இடம். மூன்றுக்கும் தனித்தனி அலுவலகம், தனித்தனி சட்டம். ஒன்றில் வாங்கிய காகிதத்தை மற்றொன்றில் யாரும் பார்க்கக்கூட மாட்டார்கள். நேரம் கிடைக்கும்போது ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

மார்ச் 6, இரவு

தம்பி, அந்த ஏஸ் எந்த வருட மாடல்? ஃபைனான்ஸ் பாக்கி இருக்கிறதா? ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

மார்ச் 9

முதலில் சாப்பாடு, ஏனென்றால் அதுதான் சுலபம்.

2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம். அதன் கீழ் 2011-ல் வந்த விதிகளின்படி வருட விற்பனை 12 லட்சம் வரை இருந்தால் பதிவு, அதைத் தாண்டினால் உரிமம். பதிவுக்கு வருடம் 100 ரூபாய். ஒரு வருடத்துக்கும் எடுக்கலாம், சேர்த்து ஐந்து வருடத்துக்கும் எடுக்கலாம். ஃபாஸ்காஸ் என்ற இணையதளத்தில் ஒரு போட்டோ, ஓர் அடையாள அட்டை, முகவரி, என்ன விற்கிறோம் என்ற விவரம் கொடுத்தால் போதும். 14 இலக்க எண் வரும். அதை வண்டியில் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் ஒட்ட வேண்டும்.

எனக்கு இது தெரியாது. ஓர் ஏஜென்ட் 3,500 ரூபாய் கேட்டார், கொடுத்தேன். நூறு ரூபாய்க்கான ரசீது கைக்கு வந்தபோது அம்மாவிடம் காட்டவே மனம் வரவில்லை. கையில் சேமிப்பு கரைந்துகொண்டிருந்த நேரம். இதைப் படிக்கிற யாரும் அந்த 3,500-ஐ இழக்கக் கூடாது. கம்ப்யூட்டர் பழக்கம் இல்லையென்றால் பொதுச் சேவை மையத்தில் உட்கார்ந்து போடச் சொல்லுங்கள். உங்கள் செல்போன் எண்ணையே கொடுங்கள். ஏஜென்ட் தன் எண்ணைக் கொடுத்துவிட்டால் அடுத்த முறை புதுப்பிக்கவும் அவரிடம்தான் போய் நிற்க வேண்டும்.

பதிவுக்கு முப்பது நாள் ஆகும், அதுவரை அடுப்புப் பற்ற வைக்கக் கூடாது என்பதையும் மனதில் வையுங்கள்.

இன்னொன்று. 12 லட்சம் என்றதும் பெரிய தொகை மாதிரித் தெரியும். வருடத்தில் 300 நாள் கடை என்று வையுங்கள், ஒரு நாளைக்கு 4,000 ரூபாய். தட்டு 120 என்றால் 34 தட்டு. நன்றாக ஓடுகிற பிரியாணி வண்டி இதை எளிதில் தாண்டும். தாண்டினால் மாநில உரிமத்துக்கு மாற வேண்டும், கட்டணம் 2,000 ரூபாயிலிருந்து தொடங்குகிறது. பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் தினசரி விற்பனையை ஒரு நோட்டில் எழுதாமல் இருந்தால் எப்போது தாண்டினோம் என்றே தெரியாது.

மார்ச் 13

வாலாஜாவில் இருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். விண்ணப்பம் போட்டு மூன்று வாரமாக எந்தத் தகவலும் இல்லையாம். பேசிப் பார்த்ததில் விஷயம் இதுதான்: மாவட்டம் என்ற இடத்தில் வேலூர் என்று போட்டிருக்கிறார். 2019 நவம்பரிலிருந்து வாலாஜா, ஆற்காடு, அரக்கோணம் எல்லாம் ராணிப்பேட்டை மாவட்டம். ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூர் மாவட்டம். குடியாத்தம், காட்பாடி, பேரணாம்பட்டு வேலூரிலேயே இருக்கின்றன. ஆதாரில் பழைய மாவட்டமே இருப்பவர்கள் நிறையப் பேர். எங்கள் அப்பா இன்றைக்கும் கடிதத்தில் வட ஆற்காடு மாவட்டம் என்றுதான் எழுதுவார். வீட்டுக் கடிதம் எப்படியும் வந்து சேர்ந்துவிடும். விண்ணப்பம் தப்பான மாவட்டத்துக்குப் போனால் அங்கேயே கிடக்கும்.

மார்ச் 20

இப்போது வண்டி. இதை நிதானமாகப் படியுங்கள், பணம் போவது இங்கேதான்.

சரக்கு ஏற்றும் ஏஸ் ஆர்.சி.யில் சரக்கு வாகனம் என்று இருக்கும். அதில் அடுப்பு வைத்து, பக்கவாட்டில் ஜன்னல் திறந்து, மேலே கூரை போட்டால் அது வேறு வண்டி. மத்திய அரசு 2004 நவம்பரில் வெளியிட்ட வாகன வகைப் பட்டியலில் மொபைல் கேன்டீன் என்று தனி வகையே இருக்கிறது, போக்குவரத்து வாகனங்களின் கீழ். அதாவது எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) உண்டு. முதல் எட்டு வருடம் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, அப்புறம் வருடா வருடம். தம்பி பார்த்திருக்கிற வண்டி 2011 மாடல் என்று இப்போது சொல்கிறார். வருடா வருடம் காட்ட வேண்டிய வண்டி அது. விலை குறைவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

மோட்டார் வாகனச் சட்டத்தில் 52-வது பிரிவு வண்டியை மாற்றுவது பற்றியது. பதிவு அதிகாரியின் அனுமதி இல்லாமல் மாற்றக் கூடாது. மாற்றினால் 14 நாளுக்குள் தெரிவித்து ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். ஃபைனான்ஸ் பாக்கி இருந்தால் கடன் கொடுத்தவரின் எழுத்துப்பூர்வமான சம்மதமும் வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாமல் செய்த ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை. கம்பெனி கொடுத்த விவரக்குறிப்புக்கு மாறாக வண்டி இருக்கக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அதனால் "எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள்" என்று பட்டறையில் சொல்வதைக் கேட்டு வெல்டிங்கில் இறங்காதீர்கள். வரைபடம் எழுதி, நீளம், அகலம், உயரம், எடை எல்லாம் போட்டு, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முதலில் காட்டி எழுத்தில் பதில் வாங்குங்கள். வேலூருக்கு டி.என். 23, ராணிப்பேட்டைக்கு 73, வாணியம்பாடிக்கு 83. வண்டி எந்த எண்ணில் இருக்கிறதோ அங்கிருந்து தொடங்க வேண்டும்.

கையில் கொஞ்சம் கூடப் பணம் இருப்பவர்களுக்கு ஒரு சுத்தமான வழி உண்டு. கேபினும் சேசிஸும் (வண்டியின் அடிச்சட்டம்) மட்டும் புதிதாக எடுத்து, அங்கீகாரம் உள்ள இடத்தில் பாடி கட்டி, முதல் பதிவிலேயே மொபைல் கேன்டீன் என்று போட்டுவிடலாம். மாற்றம் என்ற பேச்சே வராது. மறுபடி தொடங்குவதாக இருந்தால் நான் அதைத்தான் செய்வேன்.

மார்ச் 27

எடை பற்றிக் கேட்டார்கள். என் வண்டிக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

பட்டறையின் பெயர் வேண்டாம். "நூறு வருடம் நிற்கிற மாதிரி கட்டித் தருகிறேன்" என்றார் அங்கிருந்த அண்ணன். சொன்ன மாதிரியே கட்டினார். தடித்த எஸ்.எஸ். தகடு, கீழே இரும்பு ஆங்கிள், மேலே 200 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, உள்ளே கிரானைட் மேடை. கிரானைட்! பார்க்க அப்படி ஓர் அழகு. அம்மா மேடையைத் தடவிப் பார்த்து, "நம்ம வீட்டிலேயே இது இல்லையே" என்றார்.

வெளியே எடுத்துக்கொண்டு வரும்போதே பின்பக்கம் இறங்கி இருந்தது. வேகத்தடையில் ஏறி இறங்கியதும் டயர் மட்கார்டில் உரசுகிற சத்தம். நெல் லாரிகள் நிற்கிற ஒரு எடைமேடையில் கொண்டுபோய் ஏற்றினேன். மேடைக்காரர் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, "உள்ளே எவ்வளவு லோடு இருக்கு தம்பி?" என்று கேட்டார். "ஒன்றும் இல்லை, காலி வண்டி" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எழுந்து வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார்.

கணக்கைப் பாருங்கள். ஏஸ் முக்கால் டன் ஏற்றுகிற வண்டி. தொட்டி நிரம்பினால் தண்ணீர் மட்டும் 200 கிலோ. 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டர் ஒன்று இரும்போடு சேர்த்து 35 கிலோவுக்கு மேல், இரண்டு வைத்தால் எழுபதைத் தாண்டும். மூன்று பேர் நின்றால் 200. பிரியாணி அண்டா, அரிசி, கறி, விறகு வேண்டாம் என்றாலும் பாத்திரம். இதற்கே ஐந்நூறு தாண்டிவிடுகிறது. மீதி இருக்கிற இருநூற்றுச் சொச்சத்துக்குள் மொத்த பாடியும் அடங்க வேண்டும். என் பாடி மட்டும் 420 கிலோ.

கிரானைட்டைப் பெயர்த்தோம். ஆங்கிளை வெட்டினோம். தகட்டை மாற்றினோம், தொட்டியை 100 லிட்டராகக் குறைத்தோம். முதலில் கொடுத்த பணம் திரும்பவில்லை. மூன்று மாதம் அங்கே போனது. ஆய்வுக்குக் கொண்டுபோனபோது பிரேக் இன்ஸ்பெக்டர் முதலில் கேட்டது எடைச் சீட்டு. குறைத்த பிறகு எடுத்த சீட்டு கையில் இருந்ததால் அன்றைக்கு வேலை முடிந்தது.

அதனால் பட்டறையில் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: பாடி இத்தனை கிலோவுக்கு மேல் போகக் கூடாது, எடைமேடைச் சீட்டு காட்டிய பிறகுதான் கடைசித் தவணை.

மார்ச் 28

மேலே விறகு என்று எழுதியது தப்பான எண்ணத்தைக் கொடுக்கலாம். வண்டிக்குள் விறகு, கரி எதுவும் வேண்டாம். நான் பிரியாணியை வீட்டில் விறகடுப்பில் தம் போட்டு இறக்கி, வண்டியில் சூடாக வைத்துப் பரிமாறுகிறேன். வண்டியில் நடப்பது முட்டை, சிக்ஸ்டி ஃபைவ், தோசைக்கல் வேலை மட்டும்.

வீட்டில் சமைப்பதால் வீட்டுச் சமையலறையும் அதிகாரி பார்வையிடும் இடம்தான். விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுதுங்கள்.

ஏப்ரல் 3

சிலிண்டர். வீட்டுக்கு வருகிற 14.2 கிலோ சிலிண்டரைக் கடையில் வைத்து எரிப்பது சட்டப்படி குற்றம். பக்கத்து வண்டிக்காரர் வைத்திருக்கிறார் என்று நீங்களும் வைக்காதீர்கள். விலை வித்தியாசம் கை சுடுகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏதாவது நடந்தால் இன்சூரன்ஸ் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது. பாடி மாற்றியதையும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிச் சொல்லி பாலிசியில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

சிலிண்டர் நிற்கும் அறைக்குக் கீழே காற்று போகிற ஓட்டை வேண்டும். கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு தேங்கும். மேலே ஜன்னல் திறந்திருக்கிறது என்ற தைரியம் உதவாது. டியூபைக் கையால் வளைத்துப் பாருங்கள், வெடிப்புத் தெரிந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். தீயணைப்பான் அடுப்புக்குப் பின்னால் இருந்தால் தீப்பிடிக்கும்போது கை எட்டாது. கதவோரம் மாட்டுங்கள்.

ஏப்ரல் 10

திருத்தம். மார்ச் 9-ல் பதிவுக்கு முப்பது நாள் காத்திருக்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். திருவலத்திலிருந்து ஒருவர் விதியை எடுத்துக் காட்டினார். அவர் சொல்வதுதான் சரி. விண்ணப்பம் வந்த ஏழு நாளுக்குள் பதிவு கொடுக்க வேண்டும், அல்லது காரணம் எழுதி மறுக்க வேண்டும், அல்லது ஆய்வுக்கு நோட்டீஸ் தர வேண்டும். ஏழு நாளில் இந்த மூன்றும் நடக்கவில்லை என்றாலோ, ஆய்வு என்று சொல்லி முப்பது நாளில் முடிவு வரவில்லை என்றாலோ சிறு வியாபாரி தொழிலைத் தொடங்கலாம் என்று விதியிலேயே இருக்கிறது. விண்ணப்ப எண்ணும் தேதியும் உள்ள காகிதத்தை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். என் தப்பால் யாராவது கடை திறக்காமல் காத்திருந்தால் மன்னிக்க வேண்டும்.

ஏப்ரல் 17

இடம்.

எனக்கு வேலூர் கிரீன் சர்க்கிள் சந்திப்புப் பக்கம் நிற்க ஆசை. பஸ் ஏறுகிறவர், இறங்குகிறவர், ஹைவேயில் பெங்களூரு போகிறவர், எல்லாரும் அங்கே சேர்கிறார்கள். இரண்டாம் நாளே கிளம்பச் சொல்லிவிட்டார்கள். அப்போது கோபம் வந்தது. ஓரமாக நின்று பார்த்தபோது பத்து நிமிடத்தில் மூன்று ஆம்புலன்ஸ் அந்த நெரிசலில் வழி கேட்டு அலறிக்கொண்டு போனது. சி.எம்.சி. மருத்துவமனை இருக்கிற ஊர் இது. அந்த ரோட்டை அடைத்துக்கொண்டு நான் பிரியாணி விற்க வேண்டியதில்லை.

ரோடு யாருடையது என்று முதலில் பாருங்கள். மாநகராட்சி ரோடு, மாநில நெடுஞ்சாலைத் துறை ரோடு, தேசிய நெடுஞ்சாலை, மூன்றும் வேறு வேறு. மாநகராட்சி அனுமதித்தாலும் நெடுஞ்சாலை ஓரத்தில் அது செல்லாது.

மாநகராட்சி ரோட்டில் 2014 சாலையோர வியாபாரிகள் சட்டம் பேசுகிறது. நகர விற்பனைக் குழு கணக்கெடுத்து, விற்பனைச் சான்றும் அடையாள அட்டையும் தரும். அந்தக் குழுவில் நூற்றுக்கு நாற்பது பேருக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒருவர் பெண். சான்று ஒரே இடத்தில் நிற்பவருக்கும் உண்டு, நகர்ந்து விற்பவருக்கும் உண்டு. வண்டி போடுகிற எல்லாருக்கும் இந்த அட்டை கட்டாயம், அது இல்லாமல் இறங்காதீர்கள்.

ஏப்ரல் 18

நேற்று கடைசியில் எழுதியதை நானே மறுக்கிறேன். ராத்திரி முழுக்க உறுத்தியது.

பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் ஒருவர் சனி, ஞாயிறு மட்டும் வண்டி போட இந்த அட்டையை எப்படி வாங்குவது என்று கேட்டார். சட்டத்தின் 5-வது பிரிவைத் திரும்ப எடுத்துப் படித்தேன். சான்று வாங்குகிறவர் எழுதிக் கொடுக்க வேண்டியது என்ன? தானோ தன் குடும்பத்தாரோதான் வியாபாரம் செய்வோம், வேறு பிழைப்பு கிடையாது, சான்றை யாருக்கும் வாடகைக்கோ கைமாற்றியோ விட மாட்டோம். மாதச் சம்பளக்காரர் அதில் கையெழுத்துப் போட்டால் பொய். இந்தச் சட்டம் பூக்கூடை, தள்ளுவண்டி, தட்டுக்கடை வைத்து வயிறு கழுவுகிறவர்களுக்காக வந்தது. ஒரு வார்டிலோ ஊரிலோ மக்கள்தொகையில் இரண்டரை சதவீதம் வரைதான் இடம். அந்த இடத்தில் ஒன்றை ஐந்து லட்சம் போட்டு வண்டி இறக்குகிறவர் எடுத்துக்கொண்டால், கீரைக்காரப் பாட்டி எங்கே போவார்?

ஆகவே: வேறு வருமானம் இருப்பவர்கள், ஆள் வைத்து நடத்துகிறவர்கள் தனியார் இடம் பாருங்கள். நான் இப்போது காட்பாடியில் காந்தி நகர்ப் பக்கம் ஒரு பெரியவரின் காலி மனையில் நிற்கிறேன். மாதம் 6,000 வாடகை, முத்திரைத்தாளில் ஒப்பந்தம், அதோடு அவருடைய சம்மதக் கடிதம். அதை வைத்து மாநகராட்சியில் தொழில் உரிமத்துக்கு எழுதினேன். வேலூர் மாநகராட்சியில் 60 வார்டு, நான்கு மண்டலம். மனை எந்த மண்டலத்தில் வருகிறதோ அந்த அலுவலகத்தில் கேட்க வேண்டும். மனைக்குச் சொத்து வரி பாக்கி இருந்தால் அங்கேயே நிற்கும், வாடகை பேசும் முன்பே ரசீதைக் கேட்டுப் பாருங்கள்.

ஏப்ரல் 24

சத்துவாச்சாரியில் தள்ளுவண்டியில் இட்லி போடும் அக்கா நேற்றுக் கடைக்கு வந்திருந்தார். இதையெல்லாம் அவருடைய மகன் படித்துக் காட்டினானாம். "ஏன் தம்பி, இவ்வளவு கஷ்டத்துக்கு ஒரு தள்ளுவண்டி வாங்கி இருக்கலாமே? அதுக்கு ஆர்.சி. இல்லை, எஃப்.சி. இல்லை, டீசல் இல்லை" என்றார்.

பதில் சொல்லத் தெரியவில்லை. அவர் கேட்டது நியாயம். குடியாத்தம் தம்பிக்கும் இதைச் சொல்கிறேன், தள்ளுவண்டியை யோசித்துப் பாருங்கள். அக்காவிடம் அடையாள அட்டை இருக்கிறது. 2020-ல் வந்த பி.எம். ஸ்வநிதி என்ற சாலையோர வியாபாரிகள் கடன் திட்டத்தில் பத்தாயிரம் வாங்கி, ஒழுங்காகக் கட்டி, அடுத்து இருபதாயிரம் வாங்கியிருக்கிறார். அதையும் முடித்தால் இன்னும் கூடுதலாகக் கிடைக்கும். நேரத்துக்குக் கட்டினால் ஏழு சதவீத வட்டி மானியமாகத் திரும்பி வருகிறது. அவருடைய நூறு ரூபாய்ப் பதிவு பிளாஸ்டிக் உறையில், வண்டிக் கம்பியில் கட்டித் தொங்குகிறது. டைபாய்டு ஊசி போட்ட தேதியை அதன் பின்பக்கம் பேனாவால் எழுதி வைத்திருக்கிறார்.

அந்த ஊசியைப் பற்றி நான் எழுதவே இல்லை. உணவைக் கையாளும் ஒவ்வொருவருக்கும் வருடம் ஒரு மருத்துவத் தகுதிச் சான்று வேண்டும், உங்கள் கூடப் பாத்திரம் கழுவுகிறவருக்கும் சேர்த்து. எங்களைப் பார்த்த டாக்டர் முதலில் கையை நீட்டச் சொல்லி நகக்கண்ணைத்தான் பார்த்தார்.

மே 15

கத்திரி வெயில். மதியம் வண்டிக்குள் நிற்க முடியவில்லை. நேரத்தை மாலை ஐந்துக்கு மாற்றிவிட்டேன். வெயிலில் இன்னொரு ஆபத்து: சூடான சாப்பாடு 60 டிகிரிக்கு மேல், குளிர வேண்டியது 5 டிகிரிக்குள். நடுவில் கிடந்தால் கெடும். தயிர்ப் பச்சடிக்கு ஐஸ்பெட்டி வாங்குங்கள். ஒரு தெர்மாமீட்டர் முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது.

மே 22

உணவுப் பாதுகாப்பு அலுவலர் வந்தார். பயந்துகொண்டே நின்றேன். அரை மணி நேரம் இருந்தார், காபிகூட வாங்கிக்கொள்ளவில்லை. தண்ணீர்த் தொட்டி மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். கறி வெட்டும் பலகையும் வெங்காயம் வெட்டும் பலகையும் வேறா என்று கேட்டார். வடிகட்டிய எண்ணெயைக் கண்ணாடித் தம்ளரில் ஊற்றி வெளிச்சத்தில் பிடித்தார். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் போலார் காம்பவுண்டு என்று ஒன்று சேரும், அது 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2018 ஜூலையிலிருந்து விதி. அவர் சொன்னதைக் கேட்டபிறகு ஒரு நாள் எண்ணெயை மறுநாள் தொடுவதில்லை, தனி கேனில் சேர்த்து பயோடீசலுக்கு எடுப்பவர்களிடம் கொடுக்கிறேன்.

சிக்ஸ்டி ஃபைவ் எண்ணெய் வடியப் பழைய தினத்தாள் விரித்திருந்தேன். அதைக் காட்டி, "இந்த மை குழந்தை வயிற்றுக்குப் போகும், இனிமேல் வேண்டாம்" என்றார். அபராதம் போட்டிருக்கலாம், போடவில்லை. இப்போது கம்பி வலைத்தட்டு. பார்சலுக்கு மந்தார இலையும் பாக்குமட்டையும். பிளாஸ்டிக் பை 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கிடையாது என்பது எல்லாருக்கும் தெரியும், ஆனால் சால்னாவை மட்டும் பையில் கட்டுகிற பழக்கம் இன்னும் போகவில்லை. வீட்டிலிருந்து தூக்குவாளி கொண்டுவந்தால் ஒரு கரண்டி கூட ஊற்றுகிறேன். காந்தி நகரில் இப்போது பாதிப் பேர் வாளியோடு வருகிறார்கள்.

ஜூலை 17

புது பஸ் ஸ்டாண்ட் திறந்துவிட்டார்கள், அங்கே உள்ளே நிற்கலாமா என்று நாலைந்து பேர் கேட்கிறீர்கள். உள்ளே கடைகள் ஏலத்தில் போகிறவை. வண்டிக்கு இடமில்லை.

சி.எம்.சி. பக்கம் நிற்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே வருகிறவர்களில் வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருகிறவர்கள் நிறைய. நோயாளியோடு மாதக்கணக்கில் லாட்ஜில் தங்குகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது காரம் குறைந்த சோறு, பருப்பு, மீன் குழம்பு, கஞ்சி. பிரியாணி மட்டும் போட்டால் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே சும்மா நிற்க வேண்டியதுதான். ஒரு வாரம் ராத்திரி எட்டு மணிக்கு அந்தத் தெருவில் நடந்து, கையில் என்ன பார்சல் போகிறது என்று பார்த்துவிட்டு மெனு எழுதுங்கள்.

2023 ஏப்ரல் 23

வருட எஃப்.சி. நல்லபடியாக முடிந்தது. இந்த மாதம் 13-ஆம் தேதியிலிருந்து தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் 2023 விதிகளும் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. தொழில் உரிமத்துக்கான படிவம், கட்டணம் பற்றி நான் போன வருடம் சொன்னதை வைத்துக்கொண்டு போகாதீர்கள். மண்டல அலுவலகத்தில் புதிதாகக் கேளுங்கள்.

2024 நவம்பர் 10

ரொம்ப நாளாகப் பலர் கேட்டு நான் தயங்கிக்கொண்டிருந்த கேள்வி: மஞ்சள் போர்டு வண்டிக்குத் தனி லைசென்ஸ் வேண்டுமா, கார் ஓட்டும் லைசென்ஸ் போதுமா? 2017-ல் உச்ச நீதிமன்றம் 7,500 கிலோவுக்குக் கீழ் இருந்தால் எல்.எம்.வி. (கார் ஓட்டும் இலகுரக வாகன லைசென்ஸ்) போதும் என்றது. அப்புறம் அது பெரிய அமர்வுக்குப் போனதால் உறுதியாகச் சொல்லாமல் இருந்தேன். இந்த 6-ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் அமர்வு அதையே உறுதிசெய்துவிட்டது. ஏஸ் ஓட்ட எல்.எம்.வி. போதும்.

நவம்பர் 12

குடியாத்தம் தம்பி இரண்டரை வருடம் கழித்து எழுதியிருக்கிறார். அந்த 2011 வண்டியை அப்போது வாங்கவில்லை. அக்கா சொன்ன மாதிரி தள்ளுவண்டியில் தொடங்கி, தினமும் நோட்டில் எழுதி, இப்போது கேபின் சேசிஸ் புக் செய்திருக்கிறார். பாடி கட்ட மூன்று பட்டறையில் விலை கேட்டிருக்கிறாராம், ஒன்றில் மேடைக்கு கிரானைட் போட்டுத் தருவதாகச் சொல்கிறார்களாம்.

தம்பி, வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலை எனக்குக் கடை இல்லை. பத்து மணிக்குக் குடியாத்தம் பஸ் ஸ்டாண்டில் நில்லுங்கள், மூன்று பட்டறைக்கும் சேர்ந்தே போவோம். என்னுடைய இரண்டு எடைச் சீட்டையும் எடுத்துக்கொண்டு வருகிறேன்.